நோன்பு வாய்

அந்த வார்த்தை என் வாயில் தயாராக இருக்கிறது. மத்தியானம் லுஹர் தொழுத கையோடு வந்து நாக்கின் மேல் உட்கார்ந்தது, இப்போது சாயங்கால அஸரும் தொழுதாயிற்று, எழுந்து போகவில்லை. நான் வெங்காயம் நறுக்குகிறேன். மைனி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இடிகல்லில் இஞ்சி பூண்டு தட்டுகிறார்கள். ணங் ணங் என்று ஒவ்வொரு தட்டும் என் மேலேயே விழுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஹஃப்ஸா, என் மகள், மூன்று வயது, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கரண்டியால் தரையைத் தட்டி மைனிக்கு எதிர்ப்பாட்டு பாடுகிறாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. என் வீட்டுக்காரரும் மைனியின் வீட்டுக்காரரும் பள்ளிவாசலில் நோன்பு திறந்து மஃரிப் தொழுதுவிட்டுத்தான் வருவார்கள். மைமூன் மைனி என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த அக்காள். அடுத்த தெருவில் வீடு. நோன்பு மாதம் வந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்புதான், லுஹர் முடிந்ததும் இங்கே வந்துவிடுவார்கள். மற்ற நாளில் இந்த நேரத்தில் நாங்கள் பேசுகிற பேச்சில் வெங்காயம் நறுக்கி முடிந்ததே தெரியாது. நான் வாயாடி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சரே என்னிடம் வாய் கொடுக்க யோசிப்பார். மைனி சிரித்துச் சிரித்து, “ஏ நிலோ, நோன்ப முறிக்க வச்சிராத பிள்ள” என்பார்கள். இன்றைக்கு ணங் ணங் மட்டும்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முதலில் அதுதான் வெளியே விழும்.

என்ன நடந்தது என்று கேட்டால் ரொம்பச் சின்ன விஷயம். லுஹருக்குப் பிறகு முன் அறையில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தேன். நோன்பு முடிவதற்குள் குர்ஆனை ஒரு தடவை முழுசாக ஓதி முடித்துவிட வேண்டும் என்று இந்த வருஷம் எனக்கு ஒரு வீம்பு. மைனி ஒரு தடவை முடித்து இரண்டாம் தடவை ஆரம்பித்துவிட்டார்கள், நான் இன்னும் பாதியில் திணறுகிறேன். ஹஃப்ஸா பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். புறவாசல் கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருந்ததா, தாழ்ப்பாள் போட்டிருந்ததா? சாத்தியிருந்தது. புறவாசலுக்கு அந்தப் பக்கம் கொடி, துவைக்கிற கல், அதற்கு அப்புறம் வாய்க்கால். வயலுக்குக் கடைசித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். நான் ஓதிக்கொண்டிருந்தேன், அவள் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. புறவாசலில் மைனியின் குரல் கேட்டது. ஓதின இடத்தில் விரலை வைத்தபடியே எழுந்து போனேன். மைனி இடுப்பில் ஹஃப்ஸா. “வாய்க்கா படியில நிக்கிறா” என்றார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு ஜொகரா மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டியாயிற்று. மைனி என் கையில் இருந்த குர்ஆனைப் பார்த்தார்கள், அதற்குள் மாட்டிக்கொண்டிருந்த என் விரலைப் பார்த்தார்கள். “உனக்குப் போயி அல்லா பிள்ளயக் குடுத்தானே” என்றார்கள். அவ்வளவுதான். கத்தவில்லை, ஏசவில்லை. பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள்.

மைனிக்குப் பிள்ளை இல்லை. அவர்கள் கல்யாணத்தில் என் வீட்டுக்காரர் அரை டிரவுசரோடு பந்தலில் ஓடினாராம், அத்தனை வருஷம் ஆயிற்று. பார்க்காத டாக்டர் இல்லை, கேட்காத துஆ இல்லை. அதனால்தான் அந்த வார்த்தை எனக்கு வந்தது. “உங்களுக்கு அவன் ஏன் குடுக்கலன்னு இப்பப் புரியுது மைனி.” இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். நான் யோசித்துச் செய்ததில்லை, தானாக வந்தது. வந்ததைப் பார்த்து எனக்கே நடுங்கிவிட்டது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது, இப்போது அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘மைனி’யை முதலில் வைத்தால் எப்படி, கடைசியில் வைத்தால் எப்படி. மெதுவாகச் சொல்ல வேண்டும். சிரித்த முகமாகச் சொன்னால் இன்னும் ஆழமாகப் போகும். சொல்லிவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்து நறுக்க வேண்டும். ணங் நின்றுவிடும். அப்புறம் இந்த வீட்டில் மைனியின் செருப்புச் சத்தம் கேட்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார், சாப்பிடுவார், தொழுவார், கடைக்குப் போவார், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். அவரை வளர்த்தது மைனியின் இந்தக் கைதான். அஸ்தஃபிருல்லாஹ், மன்னித்துக்கொள். வெங்காயம் கண்ணை எரிக்கிறது. நல்லவேளை வெங்காயம்.

நோன்பு வைத்திருக்கும்போது யாராவது வம்புக்கு வந்தால் நான் நோன்பாளி என்று சொல்லி ஒதுங்கிவிட வேண்டும். சின்ன வயதில் மதரஸாவில் படித்தது, இதில் சந்தேகமே இல்லை. நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், நான் நோன்பாளி, நான் நோன்பாளி. வயிறு சொன்னபடி கேட்கிறது, தொண்டை கேட்கிறது, கைகூடக் கேட்கிறது. மனசுதான் பட்டப்பகலில் நடுத்தெருவில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பெண்கள் பயானில் மார்க்கம் படித்த ஒரு ஆலிமா, என்னைவிடச் சின்னப் பெண், கையில் குழந்தையோடு வந்திருந்தது, கோபத்தைப் பற்றித்தான் பேசியது. நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள், உட்கார்ந்தும் போகவில்லை என்றால் படுங்கள், கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யுங்கள் என்றது. ஜொகரா மாமி பின்னாலிருந்து, “ஏம்மா, மருமவள வாயால ஏசாம மனசுக்குள்ள ஏசிக்கிட்டா நோன்பு முறியுமா?” என்று கேட்டு எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னது, “மனசுல வர்றத அல்லா பாவமா எழுத மாட்டான் மாமி. ஆனா அத அடுப்புல வச்சு ஊதிக்கிட்டே இருந்தா, பொங்கி வாய்க்கு வராம எங்க போவும்?” அன்றைக்கு நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். இப்போது ஊதிக்கொண்டிருக்கிறேன். எழுதமாட்டான் என்பது ஒரு தைரியம். எழுதவில்லை என்றாலும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். உட்கார்ந்துதான் இருக்கிறேன், அடுத்தது படுக்க வேண்டும். அடுப்பில் எண்ணெய் காய்கிறது, எங்கே போய்ப் படுக்க? கோபம் வந்த பொம்பளை படுத்தால் வடையை யார் போடுவது என்று அந்த ஆலிமாவிடம் கேட்க வேண்டும்.

வார்த்தையைக் கீழே வைத்துப் பார்க்கிறேன். சரி, சொல்லவில்லை, போகட்டும் என்று வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறேன். வைத்தவுடன் வாய்க்கால் வருகிறது. பச்சைத் தண்ணீர், ஓரத்தில் நாணல், பாசி பிடித்த படிக்கல். மேல் படியில் ஹஃப்ஸா நிற்கிறாள். மேல் படிதானே. மைனி படியில் நிற்கிறாள் என்றார்கள், எந்தப் படி என்று சொல்லவில்லை, மேல் படியாகத்தான் இருக்கும், அவள் பயந்த பிள்ளை, கோழியைக் கண்டாலே ஓடி வருவாள். தண்ணீரைக் கண்டால் ஓடி வரமாட்டாள். தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். அதற்கு மேல் போகாமல் சட்டென்று வார்த்தையை மறுபடி கையில் எடுத்துக்கொள்கிறேன். எடுத்ததும் வாய்க்கால் போய்விடுகிறது. எவ்வளவு தைரியம் இந்த மைனிக்கு. ஜொகரா மாமி முன்னால் வைத்து. பிள்ளை பெற்று, பால் கொடுத்து, காய்ச்சலுக்கு முழித்து, ஒருநாள், ஒரே ஒரு நாள், அதுவும் ஓதிக்கொண்டிருந்தபோது, செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால்கூடச் சரி. இப்படி ஓடுவது எனக்குச் சுகமாக இருக்கிறது. கோபம் எப்போதும் இவ்வளவு சுகமாக இருக்குமா? நெஞ்சில் கதகதப்பாக, வெயிலில் காய்ந்த போர்வை மாதிரி. அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டால் வாய்க்கால் தெரிவதில்லை.

கஞ்சி கொதிக்கிறது. கிளறுகிறேன். உப்பு. உப்புப் போட்டேனா? அரிசியும் பயறும் போட்டபோது மைனி பக்கத்தில்தான் நின்றார்கள், வெந்தயமும் பூண்டும் அவர்கள்தான் போட்டார்கள். உப்பு எப்போதும் நான்தான் போடுவேன், ஆனால் இன்றைக்கு மைனி உப்பு டப்பாவை எடுத்த மாதிரி இருந்தது. எடுத்து வைத்தார்களா, போட்டுவிட்டு வைத்தார்களா? மற்ற நாளில் “உப்பு போட்டாச்சா மைனி?” என்று கத்தினால் முடிந்தது. நோன்பு வாயில் ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்குப் பயம், இந்தத் தாகத்தில் தொண்டை அதைத் துப்ப விடாது. ஹஃப்ஸாவுக்கு ஒரு கரண்டி ஆற்றிக் கொடுத்தேன். “உப்பு இருக்காம்மா?” “இருக்கு.” “கூடவா இருக்கு?” “கூட இருக்கு.” “இல்லியா?” “இல்ல.” நல்ல சாட்சி. மைனியின் முதுகு அசையவில்லை. கேட்டிருக்கும், இந்தச் சமையல்கட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். அவர்களாகச் சொல்லலாம், போட்டாச்சு பிள்ள என்று. சொல்ல மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். உப்பு போட்டீர்களா என்று கேட்க வாயைத் திறந்தால் பாதி வழியில் அது உப்பை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்துவிடும். ஒரு கைப்பிடி உப்புக்கு நான் இவ்வளவு பயந்ததில்லை.

முன்வாசலில் ஜொகரா மாமி. “நிலோ, கடல்பாசி கொண்டாந்தேன். ரோஸ் கலர் ஹஃப்ஸாவுக்கு.” இனிப்புத் தட்டை வாங்கப் போனேன். மாமி தட்டைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. “என்ன, மூஞ்சி வாடிக் கெடக்கு?” என்றாள். “நோன்புல்லா மாமி. நோன்புக்கு மூஞ்சி மினுங்குமா?” “அதெல்லாம் எனக்குத் தெரியும். மத்தியானம் மைமூன் சொன்னது எனக்கே சுருக்குன்னுச்சு. பெத்தவளுக்குத்தான் பிள்ளயோட அரும தெரியும். பெறாதவ பேசுனா நாம பொறுத்துக்கிடணும், என்ன செய்ய?” குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், ஆனால் மாமியின் தாழ்ந்த குரல் தெருமுனை வரைக்கும் போகும். உள்ளே ணங் நின்றுவிட்டது. மாமி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு அது தெரிகிறது. நான் லுஹரிலிருந்து தனியாகச் செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்த வார்த்தை, இவள் வீட்டிலும் ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் போல. அசிங்கமாகிவிட்டது. என் பல்துலக்கும் பிரஷ்ஷை இன்னொருத்தி வாயில் பார்த்த மாதிரி. “நோன்பு நேரத்துல புறம் பேசுனா அம்புட்டும் போச்சு மாமி” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். “நானா புறம் பேசுனேன்? நல்லதுக்குச் சொன்னா இப்பிடித்தான்” என்று மாமி போய்விட்டாள். நல்ல பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டேனே தவிர, மாமி சொன்னதில் ஒரு சந்தோஷம் உள்ளே ஓடியது. மைனி கேட்டிருப்பார்கள் என்ற சந்தோஷம். நான் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டது என்ற சந்தோஷம். இதையும் அவன் எழுதமாட்டானா?

ஹஃப்ஸா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, யார் வாங்குகிறீர்கள் என்றாள். மைனிதான் பக்கத்தில் நின்றார்கள், கையை நீட்டிவிட்டார்கள். எங்கள் சொந்தக்காரப் பொம்பளை ஒருத்தி, யார் என்று இப்போது எதற்கு, நடுவில் புகுந்து நான் வாங்குகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். மைனியின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அந்தக் கையால் என் போர்வையைச் சரி செய்தார்கள். இது ஏன் இப்போது வருகிறது? இதை நான் கூப்பிடவில்லை. எனக்குக் கோபமாக இருக்க வேண்டிய நேரம் இது. மனசு என்றால் ஒழுங்காக ஒரு பக்கம் நிற்க வேண்டாமா, ஆட்டுக்குட்டி மாதிரி இங்கே ஒரு வாய் அங்கே ஒரு வாய். தஸ்பீஹை எடுத்து உருட்டிப் பார்த்தேன். சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ், உங்களுக்கு அவன் ஏன், சுப்ஹானல்லாஹ், குடுக்கலன்னு, சுப்ஹானல்லாஹ். மணிக்கு மணி நடுவில் இருக்கிற நூலில் அது ஊர்கிறது. தஸ்பீஹைக் கீழே வைத்துவிட்டேன். இந்த நாக்கில் அவன் பெயரும் அதுவும் சேர்ந்து இருக்கக் கூடாது. வடையை எடுத்து வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, ஒளுச் செய்யப் புறவாசலுக்குப் போனேன். அஸருக்குச் செய்த ஒளு முறியவில்லை, இருந்தாலும் போனேன்.

குழாயைத் திறந்து கையைக் கழுவி, வாயில் தண்ணீர் ஊற்றினேன். வாய் நிறையத் தண்ணீர். குளிர்ச்சி. விழுங்கக் கூடாது. கன்னத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலசும்போது அதையும் சேர்த்து அலசி வெளியே கொப்பளித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. கொப்பளித்தேன். தண்ணீர் போனது. முகம் கழுவினேன், முழங்கை வரை கழுவினேன், தலையைத் தடவினேன். காலைக் கழுவக் குனிந்தபோது துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. துணி. முறுக்கிப் பிழிந்து கயிறு மாதிரி கிடந்தது. பிரித்தேன். ஹஃப்ஸாவின் மஞ்சள் கவுன். கீழ் மடிப்பிலிருந்து கழுத்துப் பட்டி வரைக்கும் ஈரம், பொத்தானில் ஒரு இழை பாசி. காலையில் குளிப்பாட்டி இதைத்தான் போட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற ஹஃப்ஸா நீலக் கவுன் போட்டிருக்கிறாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலக் கவுன். லுஹரிலிருந்து அவளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கஞ்சி ஊட்டினேன், உப்பு இருக்கா என்று கேட்டேன், மூக்கைத் துடைத்துவிட்டேன். கவுன் மாறியிருப்பது எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குக் காலையில் என்ன போட்டுவிட்டோம் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும், கூட்டத்தில் தொலைந்தால் அதைச் சொல்லித்தானே தேடுவோம். நான் அவளைப் பார்க்கவே இல்லை, வார்த்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கழுவாமல் நிற்கிறேன். வாய்க்கால் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதன் பக்கம் பார்க்க முடியவில்லை.

இந்த இடத்தில் அந்த வார்த்தை செத்துப் போயிருக்க வேண்டும். நியாயப்படி அப்படித்தானே. தண்ணீருக்குள் இறங்கிப் பிள்ளையைத் தூக்கி, கவுனை மாற்றி, ஈரத்தை மறைத்து, ஜொகரா மாமி காதில் விழும்படி படியில் நின்றாள் என்று மட்டும் சொன்ன ஆள்மேல் என்ன கோபம் இருக்க முடியும்? போகவில்லை. கூடிவிட்டது. கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அது இன்னும் கூர்மையாகி வாயில் நிற்கிறது. என் பிள்ளையை நீங்கள் காப்பாற்றியதற்கு நான் உங்களைச் சும்மா விட மாட்டேன் என்று நிற்கிறது. யா அல்லாஹ், இது என்ன மாதிரி மனசு, எந்தக் கடையில் வாங்கினது? அதை இப்போது சொல்லிவிட்டால் மைனி அழுவார்கள், மைனி அழுதால் தப்பு செய்தவள் நான் இல்லை என்று ஆகிவிடும், இல்லை, நான்தான் ஆனால் வேறு தப்பு, வார்த்தைத் தப்பு, அது சின்னது, அதற்கு மாப்புக் கேட்டுக்கொள்ளலாம். இதற்கு யாரிடம் மாப்புக் கேட்பது? ஹஃப்ஸாவிடமா? கவுனை உதறிக் கொடியில் போட்டேன். கிளிப்பு இரண்டு தடவை கீழே விழுந்தது.

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. பாய் விரித்து, பேரீச்சம்பழம், தண்ணீர், வடை, கடல்பாசி, கஞ்சிக் கிண்ணம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஒரே தட்டு, எப்போதும் ஒரே தட்டுதான். ஹஃப்ஸா மைனி மடியில் ஏறிக்கொண்டாள். மைனி கொடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், மஞ்சள் கவுனைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. இந்த நேரத்தில் கேட்கிற துஆ வீண் போகாது. வருஷா வருஷம் இந்த நேரத்தில் நான் கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக வைத்திருப்பேன், வீடு, கடை, மாமியாருக்குச் சுவர்க்கம், ஹஃப்ஸாவுக்கு ஒரு தம்பி. கையை ஏந்திவிட்டேன், ஒன்றும் வரவில்லை. ஏந்திய கை இரண்டும் காலியாக இருக்கிறது, வாய்தான் நிறைந்திருக்கிறது. எடுத்துவிடு என்று கேட்டேன். எதை என்று சொல்லவில்லை, அவனுக்குத் தெரியும். எடுக்கவில்லை. அதைப் பிடித்திருப்பது நான்தானே, என் கையைப் பிரித்து அவன் எடுக்க மாட்டான் போல. எதிரே மைனியின் உதடு அசைகிறது. என்ன கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. மைனியின் புடவையில் கரையிலிருந்து தொடை உயரத்துக்குச் சேறு காய்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது. மத்தியானத்திலிருந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன், இதை எப்படி விட்டேன்? தொடை உயரம். மைனிக்குத் தொடை என்றால் ஹஃப்ஸாவுக்கு எது? வேண்டாம். உங்களுக்கு அவன் ஏன். வேண்டாம். இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம் என்றால் நான் எங்கே போய் நிற்க?

பாங்கு சொன்னது. பிஸ்மில்லாஹ் என்று பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். மைனியும் வைத்தார்கள். தண்ணீர் தொண்டையில் இறங்குகிற வழி முழுக்கத் தெரிந்தது. மைனி கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு என் கிண்ணத்தைப் பார்த்தார்கள், நானும் குடித்தேன். உப்பே இல்லை. நீ போட்டிருப்பாய் என்று அவர்களும் அவர்கள் போட்டிருப்பார்கள் என்று நானும். மற்ற நாள் என்றால் இதற்கே நாங்கள் உருண்டு சிரித்திருப்போம். மைனி எழுந்துபோய் டப்பாவைக் கொண்டுவந்து இரண்டு கிண்ணத்திலும் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார்கள். உட்கார்ந்து பிள்ளையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “சொல்லு” என்றார்கள்.

“என்னத்த மைனி?”

“நோன்பு தொறந்தாச்சுல்லா. சொல்லணும்னு வச்சிருக்கதச் சொல்லிரு.”

“ஒண்ணும் இல்லியே.”

“இப்பத்தான் தொறந்திருக்க, அதுக்குள்ள பொய்யா?” மைனி வடையைப் பிட்டு ஹஃப்ஸா வாயில் வைத்தார்கள். “எனக்குத் தெரியும் பிள்ள. எத்தன வருசமா பாக்கேன். ஊர்ல எல்லாரும் வாய்க்குள்ள வச்சுக்கிட்டு என்னப் பாப்பாவ. சில பேரு சொல்லிருவாவ, சில பேரு முழுங்கிருவாவ. முழுங்குனவ மூஞ்சி எப்பிடி இருக்கும்னும் எனக்குத் தெரியும். நீ இன்னிக்கு மத்தியானத்துலருந்து அந்த மூஞ்சியோட இருக்க. சொல்லிரு, ஒரு பாடா போயிரும்.”

என் கையில் பிட்ட வடை அப்படியே இருக்கிறது. தடுப்பதற்கு இப்போது ஒன்றும் இல்லை. நோன்பு இல்லை, ஜொகரா மாமி இல்லை, அவர்களே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அழகாகச் செய்து வைத்திருந்தேன் என்று நினைத்தது, அவர்கள் பழகிச் சலித்துப்போன பழைய சாமான். மைனி பயப்படக்கூட இல்லை. ஊசி போடப்போகிற கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்போமே, அந்த மாதிரி பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். கீழே வை, நிலோ. வைத்தால் வாய்க்கால் வரும். வரட்டும். வந்தால் போகாது. வரட்டும், போகாமல் இருக்கட்டும். வாயைத் திறந்தேன். எது வரும் என்று எனக்கே தெரியாது.

“தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு மைனி?”

என் குரல் மாதிரியே இல்லை. மைனி நிமிர்ந்தார்கள். லுஹருக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள், உண்மையிலேயே கேட்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. மடியில் இருந்த ஹஃப்ஸாவை என் பக்கம் திருப்பி நிற்க வைத்தார்கள். உள்ளங்கையைப் படுக்கையாக அவள் முழங்காலில் வைத்தார்கள். அங்கிருந்து மெதுவாக மேலே கொண்டுபோனார்கள். தொடை. வயிறு. இங்கே நிற்கும், இங்கே நிற்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நெஞ்சு. கழுத்து. கை இன்னும் ஏறி மோவாயைத் தாண்டி, கீழ் உதட்டைத் தொட்டு நின்றது. ஹஃப்ஸாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. உடம்பை நெளித்துக்கொண்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சிரிக்கிறாள்.